ஏழாம் அத்தியாயம், பக்கத்துக்கு அறுபது ரூபாய்

பாசிசமும் பன்னாட்டு உறவுகளும்.
இரண்டாம் ஆண்டு, அரசறிவியல்.
ஐந்து மதிப்பெண் கேள்வி இரண்டு வரும்.
வெள்ளிக்கிழமைக்குள் தமிழில் வேண்டும் என்றார்
புதுச்சேரிப் பதிப்பாளர் அந்துவான் ரட்சகநாதன்.

முதல் பத்தி எளிது.
அரசு ஓர் உயிர் என்றாராம் ஸ்வீடன் பேராசிரியர் ஒருவர்.
உயிர் என்றால் வளரும். வளர்ந்தால் பசிக்கும்.
பசித்தால் பக்கத்து வீட்டு அடுப்பு
அதன் வயிற்றுக்குள் வந்துவிடும்.
அவர் கையில் துப்பாக்கி இல்லை.
சன்னலோரம் காபி ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

அடுத்து இத்தாலிக்காரர்கள்.
தேசங்களிலும் முதலாளி உண்டு, பாட்டாளி உண்டு;
எங்கள் தேசம் பாட்டாளி; ஆகவே
அபிசீனியாவின் மேல் விஷவாயு.
இந்த ‘ஆகவே’யை மூன்று முறை அடித்தெழுதினேன்.
தமிழில் நிற்கவில்லை.
மூலத்திலும் நின்றிருக்காது,
நிற்கவைத்திருப்பார்கள்.

ஜெனீவாவில் நாற்காலிகள் காலியாகின்றன.
ஜப்பான், ஜெர்மனி, பிறகு இத்தாலி.
பாதிப் பந்தியில் எழுந்தவர்கள்
பந்தல்காலைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பிறகு அந்தச் சொல்: லேபன்ஸ்ரௌம்.
அகராதி ‘வாழ்வெளி’ என்கிறது.
எவ்வளவு காற்றோட்டம்!
மனை விளம்பரத்தில் போடலாம்:
கடலூர் – புதுவை சாலையில் இனிய வாழ்வெளி,
தவணை வசதி உண்டு.
ஆனால் தமிழில் வெளிக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது.
யாரோ வாழ,
வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் வெளியே.
அகராதிக்காரர் தெரிந்துதான் செய்தாரோ என்னவோ.

அதற்கடுத்த சொல் இன்னும் மோசம்.
நடுவில் ஒரு வல்லரசு, சுற்றிலும் அதன் வட்டம்,
பிறர் மூக்கை நுழைக்கக் கூடாத வட்டம்.
சொல்லுக்குச் சொல் பெயர்த்தால்: பெருவெளி.
இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு
அதை எழுத எனக்குக் கை வரவில்லை.
வடலூரில் பெருவெளி என்றால்
எந்த ஊர் என்று கேட்காமல் சோறு போடும் இடம்.
ஒரு தைப்பூசத்தில் தொலைத்த என் செருப்பு
இன்னும் அங்கேதான் எங்கோ கிடக்கிறது.
‘ஆதிக்க வட்டாரம்’ என்றெழுதி,
பிடிக்காமல், அப்படியே விட்டேன்.

கரண்ட் போனது. வாசலுக்கு வந்தேன்.
எங்கள் ஊர் குண்டு உப்பலவாடி.
கோட்டையை விலைபேசிய கும்பினியார்
பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை தமக்கென்று
எழுதி வாங்கினார்கள்.
குண்டு பறந்த நேரம் வயலில் குனிந்திருந்தவள்
நிமிரும்போது வேறொருவன் நாட்டில் நின்றாள்.
வருடம் 1690.
பேராசிரியர் பிறக்க இன்னும்
நூற்றெழுபது சொச்சம் வருடம் பாக்கி.
மூலநூல் ஐரோப்பாவில் தொடங்கி
ஐரோப்பாவிலேயே முடிகிறது.
எங்கள் ஊரை ஓர் அடிக்குறிப்பாக்கிச் சேர்த்தேன்.
‘அடிக்குறிப்புக்குக் காசு கிடையாது’
என்றார் அந்துவான், போனில்.

வெள்ளிக்கிழமை ஆல்பேட்டையில் பஸ் ஏறினேன்.
ரெட்டிச்சாவடி தமிழ்நாடு, முள்ளோடை புதுச்சேரி.
எல்லைக்கல்லைவிட மதுக்கடைப் பலகை தெளிவு.
பொரி இறைத்தாற்போல் சிதறிய எல்லை இது:
ஒரு கை பாகூரில், ஒரு கால் திருக்கனூரில்,
விரல் ஒன்று காரைக்காலில், காது மாஹேயில்.
அரசு உயிரென்றால் இது எந்த உயிர்?
பேராசிரியர் பார்த்தால் செத்துவிட்டது என்பார்.
அதுவோ டிபன் பாக்ஸோடு
ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறது.

லேபன்ஸ்ரௌம் என்பதை அப்படியே விட்டிருந்தேன்,
அரிசியில் கிடக்கும் கல்லாக.
‘பையன்களுக்கு வாயில் நுழையாதே’ என்றார்.
நுழைய வேண்டாம் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
பணத்தை எண்ணிக் கொடுத்தார், அடிக்குறிப்பு நீங்கலாக.
அடிக்குறிப்பை மட்டும் எடுக்கவில்லை.

திரும்பும்போது ஆல்பேட்டை சோதனைச் சாவடி.
பாட்டில் தேடும் போலீஸ்காரர்
என் பையில் கைவிட்டு எட்டாம் அத்தியாயத்தை எடுத்தார்.
தலைப்பு: போருக்குப் பின்.
முகர்ந்து பார்த்தார்.
வாடை எதுவும் இல்லை என்று
போகச் சொன்னார்.