வல்லினம்

நிக்கல் உருக்கிய பின் உலையில் மிஞ்சுவதை
ரயில் தொட்டிகளில் ஏற்றி
இரவில் மலைச்சரிவில் கவிழ்ப்பார்கள்.
சட்பரியில் வளர்ந்தவர்களுக்கு அதுதான் சினிமா.
காரை நிறுத்திவிட்டு சிப்ஸ் தின்றபடி பார்ப்போம்.
சிவப்பாய் வழிந்து, கறுத்து, கல்லாகும்.
தமிழில் அதற்குக் கசடு என்றான் துவாரகன்.
கசடதபறவில் முதல் மூன்றும் அதிலேயே இருக்கிறது,
பேண்டுக்குப் பெயர் வேறெதற்கு என்றான்.

குரல் துவாரகன். கிட்டார் ரெய்யோ.
ரெய்யோ வீட்டு நீராவிக் குளியலறையில்தான் ஒத்திகை,
ஈரத்தில் தந்தியெல்லாம் சுருதி இறங்கும்,
அதையே எங்கள் பாணி என்று சொல்லிக்கொண்டோம்.
டிரம்ஸ் லூசியன் பிரிஸ்புவா.
பேஸ் வாசித்தவள் நான்.
முதல் தட்டில் என்னைக் கேட்க முடியாது.
இரண்டாவதிலும்.

அதற்கும் முன்னால் ஒரு கேசட்:
நாற்பது பிரதி, பதினோரு பாட்டு, ஒன்பது நிமிடம்.
கடைசிப் பாட்டு பதினான்கு விநாடி,
அதில் நான்கு லூசியன் ஸ்டூலோடு விழுந்த சத்தம்.
வெட்டவில்லை. நன்றாக இருந்தது.

துவாரகனின் விதி ஒன்றே ஒன்று:
அண்ணத்திலும் பல்லிலும் இடித்துக்கொண்டு
வெளியேறும் எழுத்துகள் மட்டும்.
மெல்லினம் வேண்டாம், இடையினமும் வேண்டாம்.
அப்படியானால் அம்மா என்று எழுத முடியாது,
நான் என்றும் முடியாது என்றேன்.
அதுதானே வேண்டும் என்றான்.

*தொட்டது சுட்டது
சுட்டது போதாது
ஆற்றாது
அற்றது*

பகலில் அவன் வரி அலுவலகத்தில் தொலைபேசி எடுப்பவன்.
தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்,
எட்டு மணிநேரம் அந்தப் பஞ்சுக் குரல்.
கத்த வந்தவர்கள் அதைக் கேட்டு அழுவார்களாம்.
உறுமல் தொண்டையில் இல்லை என்று காட்ட
ஒருநாள் என் கையை எடுத்து
விலாவுக்குக் கீழே வைத்தான்.
உள்ளே யாரோ உலை மூடியைத் திறந்தார்கள்.
கையை எடுக்க மறந்துபோனேன்.
அது எந்தத் தட்டிலும் இல்லை.

தண்டர் பே, மைனஸ் முப்பத்தொன்று.
பார்க்க வந்தவர்கள் பதினேழு பேர்,
மூவர் ஹாக்கி பார்க்க வந்தவர்கள்.
ஸ்காபரோவில் கோட் போட்ட ஒருவர்
மேடையருகே வந்து கேட்டார்:
தம்பி, நீர் பாடுறது எந்தப் பாஷை?
உங்கட பாஷைதான் அண்ணை.
அப்ப ஏன் எனக்கு ஒண்டும் விளங்கேல்லை?
சொல்லிவிட்டுப் போகவில்லை.
இரண்டு காதிலும் விரலை வைத்தபடி
கடைசிப் பாட்டு வரை நின்றார்.

பிறகு லூசியனின் வலது முழங்கால்.
நிமிடத்துக்கு இருநூற்று நாற்பது அடி அடித்த கால்
படியேறவே யோசித்தது.
அறுபதுக்கு இறங்கினோம்.
நான்காவது தட்டில் ஒரே பாட்டு, பத்தொன்பது நிமிடம்.
முதிர்ச்சி என்று எழுதினார்கள்.
இருளின் கட்டடக்கலை என்றது ஒரு பத்திரிகை.
முழங்கால் என்று ஒருவரும் எழுதவில்லை.

ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே
அவ்வளவு இடம் கிடந்தது.
அங்கே முதல்முறையாக நான் கேட்டேன்,
என் தந்தி, தடித்து, அடங்க மனமில்லாமல்.
பன்னிரண்டாம் நிமிடத்தில் அதன் மேல் அவன்
ம்
என்றான்.
ஒலிப்பதிவாளர் இன்னொரு முறை எடுக்கலாமா என்றார்.
ரெய்யோ கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான்.
தவறா, விதியை விட்டுவிட்டானா,
நான் கேட்கவில்லை.

பிரிந்தோம் என்று யாரும் அறிவிக்கவில்லை.
கசடு மலையில் இப்போது புல் வளர்க்கிறார்கள்,
தூரத்திலிருந்து பார்த்தால் சாதாரண மலை.
போன ஏப்ரலில் ஒரு படிவத்துக்காக
வரி அலுவலகத்துக்கு அழைத்தேன்.
எத்தனையோ பேர் எடுக்கும் எண், அவன் எடுத்தான்.
பெயர் கேட்டான், சொன்னேன்.
கொஞ்சம் சும்மா இருந்தான்.
தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள் என்றான்.
புல்லாங்குழல் போட்டார்கள்.
பதினாறு நிமிடம்.
அதற்குள் எங்கள் முதல் கேசட்
ஒன்றே முக்கால் தடவை முடிந்திருக்கும்.