பதினான்கு புள்ளி ஒன்று

ஏழாம் வகுப்புவரை
வெண்ணாற்று மதகிலிருந்து ரயில்வே கேட்வரை
மகிழ்மாறன் என் முதுகைப் பார்த்தே ஓடினான்.
என் கவுனில் எந்தக் கொக்கி அறுந்ததென்று
எனக்கு முன்னால் அவனுக்குத் தெரியும்.

ஒன்பதாவது லீவு முடிந்து வந்தான்,
தொண்டையில் ஒரு தவளையோடு.
பேண்ட் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது.
அவன் கேட்காமலேயே
உள்ளே யாரோ ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள்.

பி.டி. மிஸ் வாட்சை அமுக்கினார்.
அவனுக்குப் பன்னிரண்டு புள்ளி ஆறு.
எனக்குப் பதினான்கு புள்ளி ஒன்று.
கோட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தான்
எதையோ திருடியவன் மாதிரி.
"நீ ஒண்ணும் பண்ணலடா" என்றேன்.
நானும் ஒன்றும் பண்ணவில்லை.
போன வருஷம் எனக்குப் பதினான்கு புள்ளி எட்டு.
அதை யாரும் கேட்கவில்லை.

"இனிமே என்னடி ஓட்டம்?"
நாற்றுக்கட்டு இறக்கியபடி அம்மா கேட்டாள்.
உடம்பு சொன்னது வேறு, அம்மா சொல்வது வேறு;
அது பிரிந்து தெரிய
எனக்கு ஒரு குறுவை, ஒரு சம்பா ஆனது.

இன்று திருவாரூரில் மண்டலப் போட்டி.
எட்டுப் பெண்கள், எட்டுத் தடம்,
சுண்ணாம்புக் கோடு இன்னும் ஈரம்.
எண்பதாவது மீட்டரில்
எனக்கு முன்னால் நீடாமங்கலத்து ரெஜினாள்.
அவள் பின்னலில் இரண்டு ரப்பர் பேண்டு.
ஒன்று பச்சை.