கழித்தல் கணக்கு

மண்டபத்திலிருந்து மீன் ஏற்றிய வண்டி.
இடிமழையைத் துரத்த இனி இதுதான்.
மூன்று முறை கழுவியும்
கப்பலூர்ப் பட்டறைப் பூனைகள் நம்பவில்லை.

கூரையில் ஆளுயரக் குழாய் நட்டுக்
காற்றுமானியைப் பூட்டினான் மொக்கராசு.
கண்ணாடிக்கு முன்னால் கோழிக்கூண்டுக் கம்பி.
"ஆலங்கட்டிக்கு இம்புட்டு வலை போதுமாக்கா?"
ஐஸ் இருந்த இடத்தில் பேட்டரி இரண்டு,
மடிக்கணினிக்குக் கிழிந்த டியூபில் மெத்தை.
ஒயர்களுக்கு ஜெபக்கனி பெயர் எழுதி ஒட்டினாள்:
ஈரம், அழுத்தம், திசை.
ஒன்றில் மட்டும் 'தெரியல'.

இலை அசையாத உச்சிவேளை
சுற்றுச்சாலையில் நாற்பதில் ஓட்டினோம்.
மானியும் நாற்பது என்றது.
வண்டியைக் கழித்தால்
மிச்சம் பூச்சியம்.
அவ்வளவு சரியான பூச்சியத்தை
நான் அதுவரை பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை,
பின்சக்கரம் இரண்டும் கழன்று
வண்டி ஜாக்கியில் நிற்கையில்
நாகமலைக்கு மேல் கறுத்தது.
முதலில் குளிர். பிறகு புழுதி.
பட்டறைத் தகரம் ஒன்று பிய்ந்து
டீக்கடைப் பக்கம் போனது.
கூரைமேல் கிண்ணங்கள் மூன்றும்
ஒரே வளையமாய்த் தெரிந்தன.

"எழுபத்திரண்டு!"
உள்ளேயிருந்து கத்தினாள் ஜெபக்கனி.
கழிக்க ஏதுமில்லை.

'தெரியல' ஒயரில்
ஏதோ ஓர் எண்
ஏறிக்கொண்டே இருந்தது.