செல்லாக் காசு

எட்டு வாரமாக
ஓரெஸ்ட் பாவ்லிக்கின் வாய்க்கு வேலையில்லை.
குடலில் ஒரு முழம் விட்டு
மிச்சத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள்.
கழுத்தெலும்புக்குக் கீழே ஒரு குழாய்:
சர்க்கரை, உப்பு, புரதத் துணுக்குகள்.
கொழுப்பு ஒரு சொட்டும் கிடையாது.

சஸ்கட்டூனில் எழுபதுகளின் தொடக்கம் அது.
நான் நிலவறையில், இரவுப் பணியில்,
ரத்தத்தைப் பிரித்துக் காட்டும் கருவியின் முன்னால்.
ஓடும் காகிதத்தில்
அமிலம் ஒவ்வொன்றும் ஒரு குன்றாய் எழும்.
எல்லாம் பேர் தெரிந்த குன்றுகள்.

அவருடைய காகிதத்தில்
குன்று இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு.
இருக்கக் கூடாத இடத்தில் ஒரு சிகரம்.
இருபது கரி, மூன்று இரட்டைப் பிணைப்பு.
இல்லாத கொடுமையில் உடம்பு
கைக்குக் கிடைத்த தகரத்தை உருக்கித்
தானே அடித்துக்கொண்ட காசு.
அச்சு ஏறக்குறையச் சரிதான்.
தோல் வாங்க மாட்டேன் என்கிறது.

சர்க்கரையைக் கொழுப்பாக்கும்,
கொழுப்பைச் சூடாக்கும்,
உப்பைக் கண்ணீராக்கும் உடம்புக்கு
இரண்டே இரண்டு மட்டும் செய்ய வராது.
கையேந்தித்தான் வாங்க வேண்டும்,
விதையிடம், இலையிடம்,
அவற்றைத் தின்ற மீனிடம்.

மேலே மூன்றாம் மாடியில்
முழங்கை செதில் செதிலாய் உதிர்ந்தது.
போர்வையை உதறினால் மாவு.
தையல் மூடவில்லை.
செவிலி டெல்ஃபின், வடக்கே ஏரிக்கரை க்ரீ குடும்பத்துப் பெண்,
மளிகைக் கடையில் ஒரு புட்டி
சூரியகாந்தி எண்ணெய் வாங்கி வந்தாள்.
காலையும் மாலையும் அவர் முன்கையில் தேய்த்தாள்.
"முன்வாசல் பூட்டிக் கிடந்தா
பின்வாசலைத் தட்டணும்."

ஐந்தாம் வாரம்
என் காகிதத்தில் கள்ளச் சிகரம் பாதியானது.
தையலும் மூடியது.
டாக்டர் ஒருத்தர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்,
எண்ணெய் தேய்த்தது நான்தான் என்பதுபோல.

ஆனால் இன்னொரு கோடு
தட்டையாகவே ஓடிக்கொண்டிருந்தது.
இரண்டும் ஒரே சாடையுள்ள பங்காளிகள்;
ஒருத்தன் கடனை மற்றவன் அடைக்க மாட்டான்.
சூரியகாந்தியிடம் அது இல்லை.
ஆளி விதையிடம் உண்டு.

ஓரெஸ்ட் நாற்பது வருடம் ஆளி விதைத்தவர்.
ஜூலையில் அவர் நிலத்தைப் பார்த்தால்
ஏரி என்று ஏமாறலாம், அவ்வளவு நீலம்.
விதை முழுவதும் பெயின்ட் கம்பெனிக்கு,
தரைவிரிப்பு ஆலைக்கு.
பெரிய நோன்பின்போது மேசைக்கு வரும் ஆளி எண்ணெயை
ஜன்னல் சட்டத்து வாடை என்று
தள்ளி வைத்துவிடுவாராம்.
ஸ்தெஃபானியா சொன்னாள், கொஞ்சம் கோபமாக.

ரத்தம் எடுக்க ஒருநாள் நானே மேலே போனேன்.
அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து
வெறுங்காலைத் தரையில் வைத்திருந்தார்.
ஆளி எண்ணெயைக் காய்ச்சி இறுக்கிச் செய்த
பச்சை லினோலியம்.
அவர் வண்டியேற்றி அனுப்பியதாகக்கூட இருக்கலாம்.

"குளிருதா?" என்றேன்.

அவர் பாதத்தையே பார்த்தார்.
"தரை இருக்குதான்னே தெரியலை."

ஸ்தெஃபானியா கைப்பையைத் திறந்தாள்.
அறையெல்லாம்
புதிதாய்ப் பெயின்ட் அடித்த வாடை.