இடது சேனல்

பூபாலன் போர்வையை இழுத்ததும்
ஏழு பேரும் வாயடைத்தோம்.
ஆளுயரச் சங்குகள் இரண்டு,
கத்தரிக்காய்த் தோலின் மினுக்கம்.
பெட்டி இல்லை, மூலை இல்லை.
பிளைவுட் தொண்ணூற்றாறு அடுக்கு;
டர்பன் துறைமுகத்தில் இரவுப்பணி முடித்து வந்து
ஒவ்வொன்றாய் அவனே அறுத்தது.

மொகாம்பரி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான்
கிட்டப் போனாள்.
மெரிபேங்கிலிருந்து வந்த ரூபன்
வீட்டிலிருக்கும் தன் ஸ்பீக்கர்களை
இனி சவப்பெட்டி என்றே கூப்பிடப்போவதாகச் சொன்னான்.
நான் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன்,
பலாப்பழம் வாங்குகிறவனைப் போல.

வால்வுகள் செந்நிறம் கொண்டு சூடேறின.
ஊசி இசைத்தட்டைத் தொடப் போகையில்
சாட்ஸ்வர்த் முழுக்க இருட்டு.
மின்வெட்டு பத்து மணிக்கு என்றது பட்டியல்.
பட்டியல் போன வாரத்தது.

யாரும் கிளம்பவில்லை.
கைபேசி வெளிச்சத்தில் சங்கின் நிழல்
கராஜ் கதவில் யானைக் காதாய் விரிந்தது.
சரி, அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான்
இடப்பக்கத் தொண்டையின் ஆழத்திலிருந்து
ச்சு ச்சு ச்சு.

பல்லி.
சுவரில் இருந்தால் காதிலேயே விழாது.
இங்கே ஒரு கல்யாணக் கூட்டமே
உச்சுக் கொட்டியது போல.

"இரண்டாயிரம் ஹெர்ட்ஸ் இருக்கும்" என்றான் ரூபன்.
"அதுக்கும் மேலே" என்றாள் மொகாம்பரி.
யாருக்கும் மூச்சு விட மனமில்லை.
மறுபடி சொன்னது. இம்முறை நான்கு.

சமையலறை ஜன்னலிலிருந்து
பூபாலனின் மனைவி கேட்டாள்:
"பல்லி சொல்லுதே, எந்தத் திசை?"

"இடது சேனல்" என்றான்,
வலப்பக்கச் சங்கில்
காதை வைத்துக் காத்தபடி.