அரை மொட்டை

ஓடுபாதை ஊரைத் தாண்டுகிற பாலத்துக்குக் கீழே
என் கடை. மேலே ஓட்டம், கீழே வியாபாரம்.
செவ்வாய்க் காலை ஷட்டரை ஏற்றியதும்
வாடிக்கையாளருக்கு முன்னால்
ஐஃபெல் மலையின் மூடுபனி உள்ளே வந்து நின்றது.

அப்புறம்தான் அவர்.
அன்னெகிரெட் க்யூப்பர், கோப்லென்ஸ் மருத்துவமனையில்
மயக்க மருந்து கொடுப்பவர்.
இரண்டே இருக்கை உள்ள வெள்ளைக் கார்,
இடது கதவில் சுரண்டல், உள்ளே ஒரு ஹெல்மெட்,
பின்னால் இரண்டு கிலோ உருளைக்கிழங்கு.

"செமி ஸ்லிக் வேண்டும்," என்றார்,
ரொட்டிக் கடையில் ரொட்டி கேட்பதுபோல.

மொட்டை டயரோடு போனால் போலீஸ் அபராதம் போடும்.
அரை மொட்டை டயருக்கு நான் பில் போடுவேன்.
வித்தியாசம் இரண்டு பள்ளக் கோடும்
பக்கவாட்டில் அச்சடித்த ஒரு எண்ணும்தான்.
எண் சிறுத்தால் ரப்பர் இளகும், பிடி இறுகும்,
ஆயுள் குறையும்.

எல்லாரிடமும் கேட்கும் கேள்வியை இவரிடமும் கேட்டேன்:
மழையில் இதே டயரில்தான் வீடு திரும்புவீர்களா?

அவர் சிரித்தார்.
"நானும் தினமும் ஒன்று கேட்பேன்:
கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?
ஒருவரும் உண்மை சொல்வதில்லை."

இல்லை, என்னிடமும் சொல்வதில்லை.
மழையில் எடுக்கவே மாட்டேன் என்பார்கள்.
நவம்பரில் வண்டியை இழுத்து வருவார்கள்,
முன்பக்கம் வேலிக் கம்பியோடு.

சுவரில் சாய்ந்திருந்த இரண்டையும் காட்டினேன்.
ஒன்று, ஓரளவு பள்ளம் வெட்டியது:
சாலைக்கும் ஆகும், பாதைக்கும் ஆகும்,
இரண்டிலும் கொஞ்சம் முணுமுணுக்கும்.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.
மற்றது குளிரில் கல்,
மூன்று வளைவு சூடேறினால் வெல்லப்பாகு.
தேங்கிய தண்ணீரைக் கண்டால் மட்டும்
காரை அப்படியே தண்ணீரிடம் கொடுத்துவிடும்.

கட்டைவிரல் நகத்தை ஊன்றி
இரண்டையும் அழுத்திப் பார்த்தார்.
நரம்பு தேடும் விரல்.
"ஒன்பது நிமிடம் பதினொரு விநாடி," என்றார்.
"ஒன்பதுக்குக் கீழே ஒருமுறை. ஒரே ஒருமுறை."
அதற்குமேல் காரணம் சொல்லவில்லை.
நானும் மருத்துவரல்ல, கேட்கவில்லை.

பாகைத்தான் மாட்டினேன்.
குளிரில் ஒன்று புள்ளி எட்டு,
சூட்டில் இரண்டு புள்ளி ஒன்று தாண்டவிடாதீர்கள்.
முதல் சுற்று மெதுவாக, புது ரப்பர் மேல்
அச்சின் வழவழப்பு இருக்கும்.
எழுதிக்கொண்டார், அளவு மாறினால்
ஆள் எழுந்திருக்க மாட்டார் என்பதுபோல.

மாலை தடுப்புக் கதவு திறந்தது.
கடையில் உட்கார்ந்தபடி
மேலே போகிற சத்தங்களைக் கேட்டேன்.
அவருடையது எது என்று தெரியும்:
மூன்றாவது கியரில் ஒரு தும்மல் வரும்.
இரண்டு முறை வந்தது.
மூன்றாவது முறைக்குள் ஹோஹே ஆஹ்ட் மேட்டின் மேல்
வானம் கறுத்து, பாலத்திலிருந்து
என் வாசலுக்குத் தண்ணீர் கொட்டியது.
இருபது கிலோமீட்டர் பாதை இங்கே.
ஒரு முனையில் மழை, மறுமுனையில் வெயில்.
டயர் மட்டும் ஒன்று.

ஆறே முக்காலுக்கு வெள்ளைக் கார்
நடக்கும் வேகத்தில் உள்ளே வந்து நின்றது.
நேரத்தைக் கேட்கவில்லை.
முகத்திலும் படிக்க முடியவில்லை,
அறுவை அறையில் பழகிய முகம்.
சாவியை மேசைமேல் வைத்தார்.
"வானம் வெளுக்கும்வரை இது இங்கேயே இருக்கட்டும்.
எத்தனை நாளானாலும் வாடகை தருகிறேன்."

முப்பது வருடத்தில்
அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த
முதல் உண்மையான பதில்.

ஆர்வைலர் போகும் கடைசி பஸ் வந்தது.
ஒரு கையில் ஹெல்மெட், மறு கையில் உருளைக்கிழங்கு.
ஏறுவதற்கு முன் மழையில் குனிந்து
பஸ்ஸின் முன் சக்கரத்துப் பள்ளத்தில்
கட்டைவிரல் நகத்தை விட்டுப் பார்த்தார்.
தலையாட்டினார். ஏறினார்.

நான் கொறடு எடுத்து
வெள்ளைக் காரின் பின் டயரில் ஒட்டிய
சரளைக் கற்களைப் பிடுங்க ஆரம்பித்தேன்.
ரப்பர் இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது.