செம்கோவின் ரம்பம்

சவரம் செய்கையில் தாடையில் ஒரு கீறல்,
கடுகளவு.
காபி ஆறிப்போயிற்று.
வானொலி கோதுமை விலை சொல்லி முடித்தது.
இன்னும் நிற்கவில்லை.
செய்தித்தாளைக் கிழித்து ஒட்டினேன்,
அதுவும் நனைந்து கழன்றது.
"சட்டென நிற்காது ஓனுஃப்ரி, அதற்குத்தானே மாத்திரை"
என்கிறாள் யோர்க்டன் ஆஸ்பத்திரி நர்ஸ்.

இடது கெண்டைக்காலில் ஒரு கட்டி ரத்தம்
வாடகை தராமல் குடியிருக்கிறது.
நெஞ்சுக்கு ஏறினால் கதை முடிந்தது என்றார்கள்.
ஆகவே ராத்திரிக்கு ஒரு மாத்திரை,
வாரம் ஒருமுறை ஊசி,
என் ரத்தம் உறைய எத்தனை நொடி என்று
எண்ணிச் சொல்ல ஒரு கடிகாரம்.
முட்டைக்கோசைத் திடீரெனக் கூட்டாதே, குறைக்காதே,
மருந்தோடு மல்லுக்கு நிற்கும் என்றாள்.
உக்ரைனியன் வீட்டில் முட்டைக்கோசை அளப்பதா!
மழையை எண்ணிப் பெய்யச் சொல்.

இதை எதிலிருந்து செய்கிறார்கள் என்று
சும்மாதான் கேட்டேன்,
ஊசி ஏறும்போது வேறெங்கோ பார்க்க ஒரு சாக்கு.
க்ளோவர் என்றாள்.
பூஞ்சணம் பிடித்த க்ளோவர் புல்.
தின்ற மாடுகள் ரத்தம் கொட்டிச் செத்தனவாம்,
எங்கோ, எப்போதோ.
புல்லுக்குள் இருந்ததைப் பிரித்தெடுத்து
அதே அச்சில் இதை வார்த்தார்களாம்.
முதலில் எலிக்கு வைத்தார்கள், பிறகு மனிதருக்கு.
அளவுதான் வேறு.

எங்கோ இல்லை, பெண்ணே.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு.
அறுத்துப் போட்ட க்ளோவர் மேல் பதினோரு நாள் மழை.
போருக்குள் கைவிட்டால் சூடு,
சாம்பல் நிறத்தில் பூஞ்சணம்,
ஆனாலும் வாசனை, வெனிலாவைப் போல.
மாடுகள் முண்டியடித்துத் தின்றன.
கொடுக்க வேறென்ன இருந்தது?

பனி விலகுமுன் கொம்பறுக்க வந்தான் செம்கோ,
என் மைத்துனன்.
சுத்தமான கை அவனுக்கு.
ரம்பத்தைக் கொதிநீரில் போட்டு எடுத்து
மூன்று தடவை சிலுவைக்குறி போட்டுத்தான் தொடுவான்.
முதலில் லீஸ்கா, தலையீற்றுக் கிடாரி.
அறுத்த இடத்தில் தார் பூசினான்,
தாரைத் தாண்டி வந்தது.
மாவு அப்பினான்.
பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்தான்.
வந்துகொண்டே இருந்தது,
நீர்த்த சிவப்பு, அவசரமே இல்லாமல்.
இரவெல்லாம் அதன் தலை அவன் மடியில்.
விடிந்தபோது கொட்டகை வாசல் வரை பனிமேல்
யாரோ பீட்ரூட் சூப்பைக் கவிழ்த்தாற்போல.

அன்று அறுத்தது ஏழு. ஏழும் போயின.

விளங்காத கை என்றேன்.
அக்காள் குடியைக் கெடுக்க வந்தவன் என்றேன்.
இன்னொன்றும் சொன்னேன், அதை எழுதமாட்டேன்.
அவன் பதில் பேசவில்லை.
ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக்கொண்டு
தபால் ரயில் நிற்குமிடம் வரை
அந்தக் குளிரில் நடந்தான்.
விண்ணிபெக்கில் இறைச்சிக் கூடத்தில் வேலை என்று கேள்வி.
அவன் அக்காளைப் புதைத்த அன்றும்
நான் சொல்லி அனுப்பவில்லை.

முப்பத்துநான்கு வருஷம்
ஒரு ரம்பத்தைத் திட்டியிருக்கிறேன்.
குற்றம் புல்லில் இருந்தது.
போர் அடுக்கியவன் நான்.

வீட்டுக்கு வந்து மாத்திரையை முகர்ந்து பார்த்தேன்.
வாசனையே இல்லை.
தபால் ஆபீசில் விண்ணிபெக் தொலைபேசிப் புத்தகம் கேட்டேன்.
அவன் குடும்பப் பெயரில் நான்கு பேர்.
நால்வருக்கும் எழுதுவது என்று உட்கார்ந்தேன்:
'ஐயா, நீங்கள் செம்கோவாக இருந்தால்,
ரம்பத்தில் பிழை இல்லை.
அந்தப் புல்லைத்தான் இப்போது நான் தின்கிறேன்.
உயிரோடு இருக்கிறேன்.'

தாடையிலிருந்து ஒரு பொட்டு
காகிதத்தில் விழுந்தது.
ஒற்றியெடுத்துப் பார்த்தேன்,
கறை போகவில்லை.
வேறு காகிதம் எடுத்தேன்.